ஊர் பேர் தெரியாத பைப்புக்கு ஸ்பேர் தேடுவது எப்படி?

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிகளிலும் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய தெருக்களிலும், முற்றமும் கொல்லைக் கிணறுமாக நீண்டு கிடந்த பழைய வீடுகள் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. ஒரு குடும்பம் கிணற்றில் இறைத்துக் குளித்த மனையில் இப்போது பத்துப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு இரண்டு குளியலறை. குளியலறைக்கு ஐந்தாறு பைப்புகள். எல்லாம் கட்டியவர் மொத்தமாக வாங்கிப் பொருத்தியவை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவற்றில் ஒன்று சொட்டத் தொடங்கும்போது வீட்டுக்காரரிடம் பில் இருக்காது. கட்டியவரின் அலுவலகம் இருந்த இடத்தில் வேறு கடை இருக்கும். பைப்பின் மேல் பெயரும் இருக்காது. தேய்த்துத் தேய்த்து அழிந்திருக்கும், அல்லது பெயரே பொறிக்கப்படாமல் வந்திருக்கும். வருகிற பிளம்பர் ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டு, "என்ன கம்பெனின்னே தெரியலை சார், இதுக்கு ஸ்பேர் கிடைக்காது, மாத்திடலாம்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தின் பேரில் நல்ல பித்தளை கழற்றப்பட்டு எடைக்குப் போகிறது. கம்பெனி தெரியாததால் பாகம் கிடைக்காது என்ற அந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறு. பைப்புக்குள் வேலை செய்யும் பாகத்துக்குக் கம்பெனிப் பெயரைவிட அளவுதான் முக்கியம். அந்த அளவு பைப்பிலேயே இருக்கிறது. கழற்றினால் கைக்கு வந்துவிடும்.

முதலில் பைப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான உடல் ஒன்று; அதற்குள் திருகி இறுக்கப்பட்டிருக்கும் ஸ்பிண்டில் மற்றொன்று. தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் ஸ்பிண்டிலின் வேலை. தேய்வதும் அதுதான். உடல் வெறும் வழி. அதில் அசையும் பொருள் எதுவும் இல்லை என்பதால் அது எளிதில் கெடுவதில்லை. ஸ்பிண்டிலில் பெரிய வகைகள் இரண்டே. நாலைந்து சுற்று திருகித் திறப்பது பழைய வகை: அடியில் ரப்பர் வாஷர், அது உடலுக்குள் இருக்கும் சீட்டின் மேல் அழுந்தி நீரை நிறுத்தும். இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் 1845-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. தெருக்குழாயிலும் கொல்லைப்புறக் குழாயிலும் இன்றுவரை அதே தத்துவம்தான். அடுத்தது, கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ முழுதாகத் திறந்துவிடும் செராமிக் வகை: அலுமினா என்ற கடினமான பீங்கானில் செய்து மெருகேற்றிய இரண்டு வட்டத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுழலும். துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். ஒற்றைக் கைப்பிடியை மேலே தூக்கி இடம் வலமாகத் திருப்பும் சிங்கிள் லீவர் மிக்சரிலும் இந்தச் செராமிக் தட்டுகள்தான். அவற்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துக் கார்ட்ரிட்ஜ் என்று விற்கிறார்கள். ஆகவே கைப்பிடியை எத்தனை சுற்று திருக வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதே அடையாளம் காண்பதன் முதல் படி. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

வெளித்தோற்றம் ஆயிரம் விதமாக இருக்க, உள்ளே இத்தனை குறைவான வகைகளே இருப்பதற்குக் காரணம் இந்தத் தொழில் நடக்கும் விதம். பஞ்சாபின் ஜலந்தர் காக், வால்வு செய்யும் பட்டறைகளுக்குப் பேர்போனது. குஜராத்தின் ஜாம்நகர் சின்னச் சின்னப் பித்தளைப் பாகங்களுக்குப் பேர்போனது. உடலை ஒருவர் வார்ப்பார், முலாம் வேறொருவர் பூசுவார், ஸ்பிண்டிலை இன்னொருவரிடம் வாங்கிப் பொருத்திப் பெட்டியில் போடுவார்கள். பெயர் இல்லாத பைப் என்பது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்து வந்ததுதான். தனக்கென்று புதிதாக ஒரு ஸ்பிண்டிலை வடிவமைத்து அச்சு போட்டுச் செய்வதற்குச் சிறு தயாரிப்பாளரிடம் முதலும் இல்லை, தேவையும் இல்லை. சந்தையில் ஏற்கெனவே ஓடுகிற ஒரு மாதிரியைத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அதனால்தான் ஹார்டுவேர் கடையில் பாகங்களை 'ஜாக்குவார் டைப்', 'மார்க் டைப்' என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த 'டைப்' என்பது அளவைக் குறிக்கிறது, தயாரித்தவரைக் குறிப்பதில்லை. உலக அளவிலும் நிலைமை வேறல்ல. ஸ்பெயினின் செடால், ஹங்கேரியின் கெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜ் செய்வதையே தொழிலாகக் கொண்டு பல நாடுகளின் குழாய்க் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கின்றன. பெயர் பொறித்த விலையுயர்ந்த மிக்சருக்குள்ளும் வேறொருவர் செய்த கார்ட்ரிட்ஜ் இருக்கலாம் என்றால், பெயர் பொறிக்காத மிக்சரில் பெயரைத் தேடி ஆவதென்ன?

இந்த ஒழுங்குக்கு அடிப்படை மரை. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகைக் கோண மரையிலிருந்து வளர்ந்தது பி.எஸ்.பி. எனப்படும் குழாய் மரை. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வந்து, இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 554, ஐ.எஸ். 2643 என்ற எண்களில் நிலைத்துவிட்டது. 1958 முதல் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறியது. துணி மீட்டருக்கும் பால் லிட்டருக்கும் மாறின. குழாய் மட்டும் அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் நின்றுவிட்டது. இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அரை இஞ்ச் பைப்பின் மரையை அளந்தால் அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர் வராது. ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். துல்லியமாகச் சொன்னால் 20.955. பழைய இரும்புக் குழாய்களை உள்துளையின் அளவால் அழைத்தார்கள்; அந்த வழக்கம் மரைக்கும் ஒட்டிக்கொண்டது. அதேபோல் முக்கால் இஞ்சின் வெளி விட்டம் 26.4 மில்லிமீட்டர். இரண்டிலும் ஓர் இஞ்சுக்கு 14 மரை. சில சிறிய இணைப்புகளில் வரும் மூன்றெட்டு, அதாவது 3/8 இஞ்ச், 16.7 மில்லிமீட்டர் விட்டமும் இஞ்சுக்கு 19 மரையும் கொண்டது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த மிக்சர் திருச்சி வீட்டுச் சுவரில் சிரமமில்லாமல் ஏறிவிடுவதற்குக் காரணம் அங்கேயும் இதே மரை இருப்பதுதான். அமெரிக்காவிலிருந்து வந்தது மட்டும் தகராறு செய்யும். அங்கே மரையின் கோணம் 60 பாகை. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரையே என்பதால் கையால் திருகும்போது ஏறுவதுபோல் தோன்றும், இறுக்கினால் கசியும்.

அளப்பதற்கு முன் கழற்ற வேண்டும், அதில் அவசரம் கூடாது. மாடியில் தொட்டிக்கு அருகிலோ குளியலறைச் சுவரிலோ உள்ள வால்வை மூடி, பைப்பைத் திறந்துவிட்டு மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். கீழே தண்ணீர் போகும் ஜாலியைத் துணியால் மூடிவிடுவது நல்லது. சின்ன ஸ்குரூ ஒன்று அதற்குள் விழுந்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும். கைப்பிடியின் மேல் இருக்கும் சிவப்பு, நீலப் பொட்டை மெல்ல நெம்பினால் அடியில் ஸ்குரூ தெரியும். சிங்கிள் லீவரில் அது கைப்பிடியின் கீழோ பின்னாலோ ஒளிந்திருக்கும். அதற்கு ஆறுபக்க ஆலன் கீ வேண்டும். கைப்பிடியையும் அதன் கீழ் உள்ள மூடியையும் எடுத்தபின் ஸ்பானரால் ஸ்பிண்டிலைக் கழற்றலாம். உப்பு இறுகிக் கிடந்தால் பலத்தைக் காட்டாமல், எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைச் சுற்றிச் சில மணி நேரம் விட்டால் இளகும். இந்த நேரத்தில் ஒளிந்திருக்கும் முத்திரையையும் தேடிவிட வேண்டும். சுவரை ஒட்டிய ஃபிளாஞ்சின் பின்பக்கம், கைப்பிடியின் உட்புறம், ஸ்பிண்டிலின் ஆறுபக்க உடல், கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு, மூக்கு நுனியில் இருக்கும் ஏரேட்டரின் விளிம்பு ஆகியவை தேய்க்கும் நாரும் சோப்பும் எட்டாத இடங்கள். திருகுவகைக் குழாய்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 781, தயாரிப்பாளரின் பெயரையோ குறியையோ, அளவோடு சேர்த்துப் பொறிக்கச் சொல்கிறது. அதைப் பின்பற்றிய பைப்பானால் எங்காவது ஒரு குறி அகப்படும். அகப்பட்டால் நல்லது. அகப்படாவிட்டாலும் வேலை நிற்காது.

இனி அளவு. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு துண்டுக் காகிதமும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். ஸ்பிண்டிலின் மரைப் பகுதியைச் சுற்றிக் காகிதத்தை இழுத்துச் சுற்றி, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளக்க வேண்டும். 66 மில்லிமீட்டர் வந்தால் அது அரை இஞ்ச் மரை; 83 வந்தால் முக்கால் இஞ்ச். மரையின் நெருக்கத்தைப் பார்க்க ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து முகடுகளை எண்ணலாம்: இஞ்சுக்கு 14 என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கு 11 வரும். அடுத்தது நீளம். மொத்த நீளத்தை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். உடலில் உட்காரும் விளிம்பிலிருந்து மேல்முனை வரை எவ்வளவு, அதே விளிம்பிலிருந்து கீழ்முனை வரை எவ்வளவு என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மேல் நீளம் குறைந்தால் கைப்பிடி சுவரிலோ மூடியிலோ உரசும். கீழ் நீளம் குறைந்தால் அடி ரப்பர் உடலுக்குள் சரியாக அழுந்தாது, புதிய ஸ்பிண்டிலும் முதல் நாளே சொட்டும். பிறகு தலை. கைப்பிடி உட்காரும் முனை சதுரமா, பல் வெட்டியதா? பல் என்றால் எத்தனை? ஒரு பல்லில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்து அங்கிருந்து எண்ணிச் சுற்றி வர வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் பழைய கைப்பிடி ஏறாது, ஏறினாலும் வழுக்கும். கடைசியாகத் திசை. சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என்று இரண்டு கைப்பிடி உள்ள மிக்சரில் செராமிக் ஸ்பிண்டில்கள் இடம், வலம் என்று ஜோடியாக வருவதுண்டு. மாற்றிப் போட்டால் தண்ணீர் நிற்கும், ஆனால் கைப்பிடி எதிர்ப்பக்கம் திறக்கும்.

சிங்கிள் லீவர் கார்ட்ரிட்ஜ் இதைவிட எளிது. பரவலாக இருப்பவை 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்ற இரண்டு விட்டங்கள். காகிதத்தால் சுற்றி அளந்தால் முதலாவது 110 மில்லிமீட்டரும் இரண்டாவது 126 மில்லிமீட்டரும் காட்டும், குழப்பத்துக்கு இடமில்லை. அதன் பிறகு அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். நிலைநிறுத்தும் சின்னக் குமிழ்கள் எங்கே இருக்கின்றன, அடி தட்டையா கால் வைத்ததா, துளைகளைச் சுற்றிய ரப்பர் எப்படி இருக்கிறது, கைப்பிடி மாட்டும் தண்டின் உயரம் எவ்வளவு என்ற நான்கும் ஒத்துவந்தால் யார் செய்த கார்ட்ரிட்ஜும் அங்கே உட்காரும். மூக்கு நுனியின் ஏரேட்டரும் அப்படியே. உலகெங்கும் பரவலாக ஓடுவது 24 மில்லிமீட்டர் வெளிமரை, 22 மில்லிமீட்டர் உள்மரை என்ற இரண்டு அளவுகள். வாஷ்பேசின் மிக்சருக்கு அடியில் போகும் பின்னல் ஹோஸின் மேல் முனை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை, கீழ் முனை அரை இஞ்ச் நட்.

பாகத்தைத் தேடும் முன் கெட்டுப்போனது அந்தப் பாகம்தானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். திருச்சியில் இதற்குத் தண்ணீரின் வரலாறு தெரிய வேண்டும். மாநகராட்சி விடுவது கம்பரசம்பேட்டை முதலிய இடங்களில் காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கிய சேகரிப்புக் கிணறுகளின் நீர். ஆற்று மணலே வடிகட்டி. பெரும்பாலான குடியிருப்புகளில் இதோடு போர்வெல் தண்ணீரும் மேல்தொட்டியில் கலக்கிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. போர்வெல் நீர் இந்தக் கணக்கில் மேலே போகப் போக ஏரேட்டரின் வலையில் வெள்ளை உப்பு படியும். நீரின் வேகம் குறையும். பலர் ஸ்பிண்டில் போய்விட்டது என்று நினைப்பது இதைத்தான். வலையை வினிகரில் ஊறவைத்தால் தீர்ந்துபோகும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீட்டில் வேகம் குறைவாக இருந்தால் அதற்கும் பைப் பொறுப்பில்லை: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு, மூன்று மீட்டர் உயரத் தொட்டி 0.3 பார்தான் தரும். மாறாக, மூடிய பிறகும் மூக்கிலிருந்து சொட்டினால் அது ஸ்பிண்டிலின் குற்றம். கைப்பிடியின் அடியில் கசிந்தால், தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் ஓ-ரிங்கோ கிளாண்டோ போயிருக்கும். செராமிக் தட்டுக்குப் பெரிய எதிரி பொடி மணல். தொட்டி கழுவியபின்னும் குழாய் வேலை நடந்தபின்னும் ஏரேட்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டால், மாற்றிய ஸ்பிண்டில் நெடுநாள் உழைக்கும்.

இவ்வளவு அளவு எதற்கு, கழற்றிய பாகத்தைக் கடையில் காட்டினால் கடைக்காரரே எடுத்துத் தருவாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளையல் கடைக்குப் பழைய வளையலை எடுத்துப் போவதுபோல ஸ்பிண்டிலைக் கையோடு எடுத்துப் போவதுதான் மிகச் சிறந்த வழி. திருச்சியில் சானிட்டரி, ஹார்டுவேர் கடைகள் நெருங்கியிருக்கும் பகுதிகளில் பல வருஷம் நின்று பழகியவர்களின் கண், வெர்னியருக்கு அதிகம் சளைத்ததல்ல. ஆனால் ஒரு கடையில் இல்லை என்றால் 'எங்குமே கிடைக்காது' என்று ஆகிவிடாது. அந்தக் கடை வைத்திருக்கும் நாலைந்து மாதிரிகளில் இல்லை என்பதே அதன் பொருள். கையில் அளவு இருந்தால் அடுத்த கடைக்கும் வெளியூருக்கும் போனிலேயே கேட்கலாம். இணையத்தில் வாங்கவும் அளவு வேண்டும். வெறும் புகைப்படம் அனுப்புவதில் பயனில்லை. படத்தில் 18 மில்லிமீட்டரும் 21 மில்லிமீட்டரும் ஒன்றுபோலத் தெரியும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுக்க வேண்டும், மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலுமாக மூன்று படம்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. பிளம்பர் கூலி, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதுப் பைப்பே வாங்கிவிடலாமே? சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண பிப்காக் என்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பெயரில்லாத பிளாஸ்டிக், அதாவது பி.டி.எம்.டி. பைப் என்றால் முழு உண்மையே. அவற்றுக்குத் தனி ஸ்பிண்டில் தேடுவது பெரும்பாலும் வீண். ஆனால் கன்சீல்டு வகை அப்படியல்ல. ஷவர் வால்வும், நீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரும் சுவருக்குள் புதைந்திருக்கின்றன; வெளியே தெரிவது கைப்பிடியும் ஃபிளாஞ்சும் மட்டும். அந்த உடலை மாற்ற வேண்டுமானால் டைலை உடைக்க வேண்டும், சுவரைக் கொத்த வேண்டும், பூசி, நீர்க்கசிவு வராமல் பார்த்து, மறுபடி டைல் ஒட்ட வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய டைலுக்கு ஜோடி எங்கே கிடைக்கும்? ஒரு சின்ன ஸ்பிண்டிலுக்காகக் குளியலறையின் ஒரு சுவரையே மாற்றிய வீடுகள் உண்டு. கொத்தும்போது பக்கத்து இணைப்பு அசைந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பரவி, அதனால் வரும் மனக்கசப்பு வேறு. புதிய ஸ்பிண்டில் சுவருக்குள் ஆழமாகப் போய்விட்டால் நீட்டிக்கும் துண்டுகளும் தனியே விற்கின்றன. கன்சீல்டு பைப்பில், இருக்கிற எல்லா வழியையும் பார்த்து முடிக்காமல் உளியை எடுப்பது நியாயமில்லை.

பழுது பார்க்கவே கூடாத பைப்புகளும் இருக்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும். முலாம் படாத உள்மரையைச் சுரண்டினால் மஞ்சளாகத் தெரிவது பித்தளை. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை. அது எடையிலும் லேசாக இருக்கும், மரை சீக்கிரம் உதிரும். பித்தளையிலும் சில இடங்கள் செம்பு நிறமாக மாறிப் பொரபொரவென்று ஆகியிருந்தால், உள்ளிருந்த துத்தநாகம் நீரில் கரைந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட உடல் எப்போது வேண்டுமானாலும் முறியும். சுவரை உடைத்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும். வாஷர் வகைக் குழாயில் சீட்டில் லேசான குழி மட்டும் விழுந்திருந்தால் சீட் கட்டரால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமான பள்ளம் என்றால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. உடலைச் சோதித்து நல்லது என்று கண்டபின் பாகம் தேடுவதுதான் முறை. பிளம்பர் 'மாத்திடலாம்' என்று சொல்வதற்கு இந்தக் காரணங்களில் ஒன்றைக் காட்டினால் ஒப்புக்கொள்ளலாம். பெயர் தெரியவில்லை என்பது அந்தக் காரணங்களில் ஒன்றாகாது.

பிளம்பரைக் குறை சொல்வதும் நியாயமாகாது. ஸ்பிண்டிலைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. புதுப் பைப் மாட்டினால் அரை மணியில் வேலை முடியும், பிறகு புகாரும் வராது. தேடும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு வேறு பதில் கிடைக்கக்கூடும். அல்லது கழற்றித் தரச்சொல்லிவிட்டுத் தேடலை வீட்டுக்காரரே எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்த முனையை ஒரு அரை இஞ்ச் பிளக் போட்டு அடைத்துவைக்க முடியும்; வீட்டுக்கே தண்ணீரை நிறுத்த வேண்டிய அவசியம் இருக்காது.

கடையில் கிடைக்காத அளவுக்கும் திருச்சியில் வழி இருக்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்களே மறந்துவிடுகிறார்கள். 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. 1965-இல் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை தொடங்கி, அனல் மின்நிலையங்களுக்கான கொதிகலன்களையும் அவற்றுக்கான உயர் அழுத்த வால்வுகளையும் செய்துவருகிறது. இவற்றைச் சுற்றி லேத் பட்டறைகளும், மரையைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்லும் ஃபிட்டர்களும் டர்னர்களும் மூன்று தலைமுறையாக உருவாகியிருக்கிறார்கள். மின்நிலையத்துக்கு வால்வு செய்யும் ஊரில் குளியலறை வால்வுக்குப் பாகம் இல்லை என்று கைவிரிப்பது வருத்தத்துக்குரியது. தேய்ந்த வாஷர் வகை ஸ்பிண்டிலுக்கு லேத்தில் புதுத்தண்டு கடைந்து தரலாம். தலைப் பல் ஒத்துவராவிட்டால் கைப்பிடியின் உள்பக்கத்துக்கு ஒரு புஷ் செய்து ஏற்றலாம். செராமிக் தட்டை மட்டும் பட்டறையில் செய்ய முடியாது. கடைசல் வேலைக்கு ஆகும் செலவு சாதாரண பிப்காக்குக்குக் கட்டாது. கன்சீல்டு வால்வுக்கோ, பழைய வீட்டில் இருக்கும் கனத்த பித்தளைக் குழாய்க்கோ தாராளமாகக் கட்டும்.

ஒரு சொட்டுக்காக இத்தனை பாடா என்று தோன்றினால் ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. மருந்து சொட்டுவிடும் அளவில், அதாவது 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலே நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். பைப்பின் சொட்டு அதைவிடப் பெரிது. கோடையில் காவிரிப் படுகை வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கும் ஊருக்கு இது சிறிய விஷயமல்ல. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருள்களைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்கு ஒரு கட்டமைப்பு வகுக்கக் குழு அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். குளியலறைப் பொருத்திகளும் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெற வேண்டியவை. சுவருக்குள் புதைத்து விற்கும் ஒரு பொருளுக்கு அதன் ஸ்பிண்டில் அளவைப் பெட்டியின் மேல் அச்சிடுவதில் தயாரிப்பாளருக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

சட்டம் வரும்வரை குடியிருப்பு நலச் சங்கங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஒரே கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே லாட்டில் வாங்கிய பைப்புகள் என்பதால், ஒரு வீட்டில் கண்டுபிடித்த அளவு மற்ற எல்லா வீட்டுக்கும் பொருந்தும். இந்த வசதி தனிவீட்டுக்காரருக்குக் கிடையாது. முதலில் கெட்ட பைப்பின் ஸ்பிண்டிலை அளந்து, மரை, மேல் நீளம், கீழ் நீளம், பல் எண்ணிக்கை, திசை ஆகிய ஐந்தையும், பாகம் கிடைத்த கடையின் பெயரையும் சங்கத்தின் நோட்டில் எழுதி, கழற்றிய பழைய ஸ்பிண்டிலைத் தூக்கிப்போடாமல் மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். கிடைக்கும்போதே கூட நான்கு வாங்கிவைப்பதும் நல்லது. பெயரில்லாத மாதிரிகள் சந்தையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். புதுவீட்டுக்குச் சாவி வாங்கப் போகிறவர்கள், கட்டுபவரிடம் டைல் ஒரு பெட்டி கூடுதலாகக் கேட்டு வாங்குவதோடு, கன்சீல்டு வால்வின் ஸ்பிண்டில் ஒன்றையும் டைவர்ட்டரின் உள்பாகம் ஒன்றையும் பைப் வாங்கிய பில்லின் நகலையும் கேட்க வேண்டும். கடையில் நேரே பைப் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், "இதுக்கு ஸ்பிண்டில் தனியா இருக்கா, எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டு, கடைக்காரர் உள்ளே போய் எடுத்துக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் விலை பேசலாம்.